ஒன்பது தெருவும் ஒரு சந்தும்

14

சோலையம்மாளைப் போன வாரம் பூம்பாறை ரோட்டில் பஸ்ஸை விட்டு இறக்கி, கையில் தோல்பையும் மனசில் கோபமுமாக, ஊத்துப்பாறைக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில் விட்டுவிட்டு வந்தோம். அவளைப் பற்றி யாரும் கவலைப்பட்டிருக்க வேண்டியதில்லை. மலையில் பிறந்தவள். இரண்டரை மைல் சரிவை முக்கால் மணி நேரத்தில் இறங்கி, வீட்டில் ஒரு சொம்பு சுடுதண்ணீர் குடித்துப் படுத்து, விடிந்ததும் எழுந்துவிட்டாள்.

கோபம் மட்டும் தூங்கவே இல்லை.

நாளை மாசித் திருவிழா. சோலையம்மன் பல்லக்கு ஊரைச் சுற்றி வரும். ஊத்துப்பாறையில் அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கோயில் முக்கில் புறப்படும் பல்லக்கு ஊரிலுள்ள எல்லாத் தெருவுக்கும் போக வேண்டும். போன தெருவில் மறுபடி போகக்கூடாது. கடைசியில் கோயில் முக்குக்கே வந்து சேர வேண்டும். ஒரு தெருவை விட்டுவிட்டால் அந்தத் தெருக்காரர்களுக்கு மனக்குறை. ஒரு தெருவில் இரண்டு தரம் போனால் அந்தத் தெருவுக்கு ஆகாது.

பல்லக்குக்கு முன்னால் வெள்ளிப்பூண் போட்ட பிரம்பைப் பிடித்துக்கொண்டு நடந்து வழி காட்டுகிறவருக்கு வழிக்காரர் என்று பெயர். சோலையின் அப்பா அழகுமலை இருபத்தாறு வருஷமாக வழிக்காரர்.

அதில் இருபத்து மூன்று வருஷம் ஒரு பிசகும் இல்லை. கடைசி மூன்று வருஷமாகத்தான் வினை. மூன்று தடவையும் பல்லக்கு நடுத்தெருவில் இரண்டு முறை போய்விட்டது. நடுத்தெருவில்தான் அழகுமலையின் வீடும் இருக்கிறது. "கெழவனுக்குப் புத்தி மழுங்கிருச்சு. அதான் சொந்தத் தெருவுக்கே கெட்டது பண்ணிக்கிறான். அதான் மக கல்யாணமும் தட்டிக்கிட்டே போகுது" என்று ஊர் பேசியது.

இருபத்தெட்டு வயதில் கொடைக்கானலில் கணக்கு டீச்சராக இருக்கும் மகளுக்கு, தன் கல்யாணத்தை விட அப்பாவின் பிரம்பு பெரிதாகப் பட்டது. இன்று மத்தியானம் ஊர் கூடும் மந்தையில் கூட்டம் போட்டு அந்தப் பிரம்பை வாங்கப் போகிறார்கள். வாங்கி, பங்காளி நல்லசாமியின் மகன் பொன்னுவேலிடம் கொடுப்பதாகப் பேச்சு. அப்பா அதற்குச் சரி என்று தலையாட்டிவிட்டார் என்று கேள்விப்பட்டுத்தான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடி வந்திருக்கிறாள்.

மூன்று வருஷமாக மாசித் திருவிழாவுக்கு அவள் வரவில்லை. பரீட்சைப் பேப்பர், கேள்வித்தாள், ஏதோ ஒரு சாக்கு. வந்திருந்தால் பக்கத்தில் நின்றாவது இருக்கலாமே என்பதுதான் இப்போது உறுத்தல்.

அப்பா வெள்ளனே மேல்காட்டுக்குப் போய்விட்டிருந்தார். அம்மா இல்லாத வீடு. கந்தம்மாள் அத்தைதான் செம்பில் தேயிலைத் தண்ணீரோடு உள்ளே வந்தாள்.

அத்தை, அழகுமலையின் ஒரே தங்கை. பதினாறு வயதில் கல்யாணமாகி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவள். புருஷனை அந்த மண்ணிலேயே விட்டுவிட்டு நான்கு வருஷத்துக்கு முன்னால் திரும்பி வந்தாள். கூடவே இன்னும் நான்கு குடும்பங்கள். அவர்களுக்காக நடுத்தெருவுக்குக் கீழ்ப்பக்கமாக, ஊத்து முக்கிலிருந்து மந்தை முக்கு வரை ஒரு சந்து விட்டு, வீடு கட்டிக்கொள்ள இடம் கொடுத்தார்கள். ஊர் அதற்குச் சிலோன் சந்து என்று பெயர் வைத்தது.

"தேத்தண்ணியக் குடி தாயி, ஆறிரப் போகுது. வந்ததும் வராததுமா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க."

"நாளைக்குச் சாமி ஒங்க சந்துக்கு எப்ப வரும் அத்த?"

"அது அண்ணனுக்குத்தானே தெரியும்." அத்தை உட்கார்ந்துகொண்டாள். "தோட்டத்துல வரிசை வீட்டு லயத்துல இருக்கயில சாமி ரோட்டோட போயிரும் தாயி. லயத்துக்குள்ள வாறதில்ல. நாங்கதான் தட்ட எடுத்துக்கிட்டு ரோட்டுக்கு ஓடணும். போறதுக்குள்ள அது வளைவு திரும்பிரும். இங்க சந்துக்குள்ள ரெண்டாவது வாசலு, என் வாசல்ல வந்து நிக்கிது பாரு. மூணு வருசமும் அண்ணன் கொண்டாந்துட்டாரு."

சொல்லும்போதே முகம் மலர்ந்துவிட்டது. அப்புறம் குரலைத் தாழ்த்தினாள்.

"ஆனா நாங்க வந்ததுல இருந்துதான் அண்ணனுக்கு இந்த வழி மறதி. எங்க ராசியோ என்னமோ."

சோலையின் கை டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டது.

நாங்கள் வந்ததிலிருந்து! ராசியாவது மண்ணாவது. ஊருக்கு ஒரு வழி கூடியிருக்கிறது!

"அத்த, நீ போ. எனக்கு ஒரு சோலி இருக்கு" என்று சொல்லித் தோல்பையைத் திறந்து, திருத்தாத விடைத்தாள் கட்டிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவினாள். சிவப்புப் பென்சிலும் அதிலேயே இருந்தது.

தாளில் முதல் புள்ளியை வைத்ததுமே அவள் ஊத்துப்பாறையில் இல்லை. மெட்ராஸில் இருந்தாள்.

எம்.எஸ்ஸி. இரண்டாம் வருஷம். அந்த வருஷம்தான் கிராஃப் தியரி என்று ஒரு ஸ்பெஷல் பேப்பர் புதிதாக வந்திருந்தது. கெட்டிக்காரப் பையன்கள் அந்தப் பக்கமே வரவில்லை. புள்ளி வைத்துக் கோடு போடுவதெல்லாம் ஒரு கணக்கா என்று சிரித்தார்கள். சேர்ந்தது நான்கே பேர். அதில் பெண்கள் இரண்டு, சோலையும் பாலசமுத்திரத்து வடிவும்.

நான்கு பேருக்கும் சேர்த்து லைப்ரரியில் ஒரே ஒரு புத்தகம். முறை வைத்து வாங்கினார்கள். சோலைக்கு ஞாயிறும் திங்களும். திங்கட்கிழமை சாயங்காலம் அதை வடிவிடம் கொடுக்கும்போது குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிற மாதிரி இருக்கும். "கொடுத்துத் தொலைடி, நாளைக்கு நானும் படிக்கணும்" என்று வடிவு பிடுங்கிக்கொள்வாள். ஊதா மசியில் உருளை ஓட்டிப் பிரதி எடுத்த நோட்ஸ் தாள்களில் மசியின் வாசனை மூன்று நாள் போகாது. விரலிலும் போகாது. அந்த விரலோடுதான் ஹாஸ்டலில் சாம்பார் சாதம் சாப்பிட்டார்கள்.

சுப்புராஜ் சார் பாடம் நடத்தினார் என்பதை விட வேடிக்கை காட்டினார் என்று சொல்ல வேண்டும். எங்கோ ஐரோப்பாவில் ஆற்றுக்கு ஏழு பாலம் போட்ட ஊர் ஒன்று. ஒரு பாலத்தையும் விடாமல், ஒரு பாலத்திலும் இரண்டு தரம் போகாமல் சுற்றி வர முடியுமா என்று அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு ஆசை. சார் வராந்தாவில் நான்கு நாற்காலி போட்டு, இடையில் ஏழு கயிறு கட்டி, "நடங்க பார்ப்போம்" என்றார். நான்கு பேரும் அரை மணி நேரம் நடந்து, முட்டிக்கொண்டு, வடிவு கயிறு தடுக்கி விழுந்து, கடைசியில் முடியாது என்று ஒப்புக்கொண்டார்கள். ஏன் முடியாது என்று கேட்டபோதுதான் படிப்பே ஆரம்பித்தது.

காரணம் ரொம்பச் சின்னது. ஓர் இடத்துக்கு ஒரு வழியாக வந்தால், இன்னொரு வழியாக வெளியே போக வேண்டும். வருவதும் போவதும் ஜோடி. அதனால் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டுமென்றால், ஒவ்வொரு முக்கிலும் சேரும் வழிகள் இரட்டைப்படையாக இருந்தாக வேண்டும். ஒற்றைப்படை விழுந்த முக்கில் ஏதாவது ஒரு வழி ஜோடியில்லாமல் நின்றுபோகும்.

அப்புறம் எவ்வளவு கணக்கு! தபால்காரர் குறைந்த நடையில் எல்லாத் தெருவும் போவது எப்படி, பத்து ஊருக்குச் சிக்கனமாக டெலிபோன் கம்பி இழுப்பது எப்படி, இத்தனை பெண்ணுக்கு இத்தனை மாப்பிள்ளை, யாருக்கு யாரைப் பிடிக்கும் என்று தெரிந்தால் எல்லோருக்கும் ஜோடி சேருமா என்று கூட ஒரு தேற்றம் இருந்தது. அந்தக் கேள்விக்குப் பரீட்சையில் சோலைக்கு முழு மார்க்கு. அதைச் சொல்லிச் சொல்லி வடிவு சிரிப்பாள். சனிக்கிழமைகளில் இரண்டு பேரும் கடற்கரையில் ஈர மணலில் விரலால் புள்ளியும் கோடுமாகப் போட்டுத் தள்ளுவார்கள். சுண்டல் விற்கிறவர் கூட நின்று பார்த்துவிட்டுப் போவார். அந்த இரண்டு வருஷம் போல் சந்தோஷமாக அவள் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. கொடைக்கானலில் ஏழாம் வகுப்புக்கு வட்டி வீதம் சொல்லிக் கொடுக்கையில் பல நாள் அந்த வராந்தாக் கயிறு ஞாபகத்துக்கு வந்திருக்கிறது.

இப்போது எண்ணினாள். ஆறு முக்கு, ஒன்பது தெரு. மூன்று முக்கில் இரண்டிரண்டு வழி. கோயில் முக்கு, ஊத்து முக்கு, மந்தை முக்கு மூன்றிலும் நான்கு நான்கு வழி. எல்லாம் இரட்டை. அதனால்தான் பாட்டன் காலத்திலிருந்து பல்லக்கு தடங்கலில்லாமல் சுற்றியது.

சிலோன் சந்தைப் போட்டாள். ஊத்து முக்கில் ஐந்து. மந்தை முக்கில் ஐந்து.

பென்சில் முனை ஒடிந்தது. அப்பா மட்டுமல்ல, எந்த ஊர் மகராஜன் வந்து பிரம்பைப் பிடித்தாலும் இந்த ஊரை அப்படிச் சுற்ற முடியாது. அப்பா மேல் எள்ளளவும் தப்பில்லை!

தாளைச் சுருட்டிக்கொண்டு மேல்காட்டுக்கு ஓடினாள். இரண்டு பக்கமும் பூண்டுத்தாள் முழங்கால் உயரத்துக்கு நின்றது. அழகுமலை வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"அப்பா! ஒங்க மேல தப்பே இல்லப்பா! இங்க பாருங்க, அந்தச் சந்து வந்ததுனால..."

மூச்சிரைக்க, தாளை விரித்து, முக்குகளை ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னாள். வகுப்பில் கூட இவ்வளவு அழகாக அவள் பாடம் நடத்தியதில்லை. அழகுமலை பொறுமையாகக் கேட்டார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"தெரியும் தாயி."

"என்ன தெரியும்?"

"வராதுன்னு தெரியும்."

எழுந்து முன்னால் நடந்தார். மேல்காட்டின் கடைசித் தட்டு, அவர்கள் நிலத்திலேயே நல்ல மண் உள்ள இடம், மூன்று வருஷமாகப் பூண்டு ஊன்றாமல் கிடந்தது. சோம்பல் என்று ஊர் அதற்கும் ஒரு பேச்சு பேசியிருந்தது. அங்கே போய்ப் பார்த்த பிறகுதான் சோலைக்கு விளங்கியது.

தரையில் ஊத்துப்பாறை இருந்தது. ஆறு முக்கிலும் ஆறு கல். இடையில் களைக்கொத்தால் கீறிய தெருக்கள். சிலோன் சந்தும் இருந்தது. ஒவ்வொரு கோட்டிலும் புல் முளைக்காமல் மண் இறுகி, தடம் பளபளத்தது.

"மொத வருசம் பிசகுனப்ப, நாந்தான் மறந்துட்டேன்னு நெனச்சேன் ஆத்தா. வெக்கமாப் போச்சு. அப்புறம் இப்படிக் கீறி வச்சு நடந்து பாத்தேன். ஒரு தரமா ரெண்டு தரமா? எப்படிச் சுத்துனாலும் ஒரு எடத்துல மாட்டிக்கிருது. அந்தச் சந்த விட்டுட்டு நடந்தா தண்ணி கணக்கா ஓடுது. அப்பத்தான் தெரிஞ்சது."

சோலை அந்தத் தடங்களையே பார்த்தாள். நான்கு பேர் அரை மணி நேரம் கயிற்றில் நடந்து சிரித்ததை, இவர் ஒற்றை ஆளாக மூன்று வருஷம் நடந்திருக்கிறார்.

"தெரிஞ்சும் ஏன் ஊர்ல சொல்லலீங்க?"

"சொன்னா என்ன செய்வாக?"

அவள் வாயைத் திறந்தாள். சந்தை அடைத்துவிடுவார்கள். அதைச் சொல்ல அவருக்கும் தேவையில்லை, அவளுக்கும் தேவையில்லை.

"ஒங்கத்த பதினாறு வயசுல போனவ. நாந்தான் மாப்ள பாத்து அனுப்புனேன். திரும்பி வரயில ஒரு டிரங்குப் பொட்டி, ஒரு கம்பளி, அவ்வளவுதான். அவ வாசல்ல சாமி நிக்கயில அவ மொகத்த நீ பாத்ததில்ல. நான் பாத்திருக்கேன். அந்தச் சந்த அடச்சிட்டு நான் பிரம்பப் புடிச்சு என்ன செய்யப் போறேன்? வேணும்கிறவன் வச்சுக்கிரட்டும்."

"அதுக்காக நம்ம தெருவுலயேவா ரெண்டு தரம் போகணும்?"

"பின்ன யாரு தெருவுல போறது? ஆகாதது ஒண்ணு வந்தா நம்ம வீட்டோட போகட்டும்னு நெனச்சேன்." குனிந்து ஒரு கல்லை நேராக வைத்துக்கொண்டே, "ஒனக்குத்தான் சங்கடம். கல்யாணப் பேச்சுல இதையும் இழுக்குறாங்க" என்றார்.

சோலைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"மந்தையில நீ வாயத் தொறக்கப்படாது. தெரியுதா?"

தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் எத்தனை நேரம் தாங்கும் என்பது அப்போது இருவருக்குமே தெரியாது.

மத்தியானம் மந்தையில் ஊரே கூடியிருந்தது. பெண்கள் ஓரத்தில், அத்தையோடு சோலையும். அழகுமலை பிரம்பை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருந்தார். பிரம்பின் பூண் அன்றைக்கு விசேஷமாகப் புளி போட்டுத் துலக்கியிருந்தது. கொடுக்கப் போகிற பொருளைத் துலக்கி எடுத்து வந்திருக்கிறார்.

நல்லசாமி பேசினார். பங்காளிதான், ஒன்றும் கெட்டவர் இல்லை. ஆனால் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது.

"அண்ணன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லங்க. வயசாச்சு, புத்தி மழுங்குது, மனுசன்னா வாறதுதான். மூணு வருசமாப் பிசகி, ஊருக்கு மழையும் பிசகி, பூண்டும் பிசகி... எம் மகன் பஸ்ஸுல கிளீனரா ஓடுனவன். மலை ரோட்டுல எத்தன வளைவுன்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவான். புத்தி தெளிவான பய. புத்தியில்லாதவுக கையில சாமி காரியத்தக் குடுத்தா..."

"சித்தப்பா!"

மந்தைக் கூட்டத்தில் பெண்கள் பேசுகிற வழக்கம் இல்லை. பேசினது சோலைதான்.

"பொன்னுவேலு நாளைக்கு நடக்குறது இருக்கட்டும். இன்னிக்கு இந்தத் தரையில கோடு போட்டு நடந்து காட்டட்டும். காட்டிட்டான்னா நானே எங்கப்பா கையில இருந்து பிரம்ப வாங்கி அவங்கிட்டக் குடுக்குறேன்."

அழகுமலை மகளைப் பார்த்தார். அவள் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

யாரோ கோயில் சுண்ணாம்புப் பொடியைக் கொண்டு வந்தார்கள். மந்தைத் தரையில் ஊரை வரைந்தார்கள். ஒன்பது தெரு, ஒரு சந்து. பொன்னுவேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு குச்சியோடு கோயில் முக்கில் நின்றான். நடந்தான். எட்டுத் தெரு ஜோராகப் போனது. ஒன்பதாவதில் நின்றான். சந்து பாக்கி இருந்தது, போக வழியில்லை. தலையைச் சொறிந்துகொண்டு மறுபடி ஆரம்பித்தான். இந்தத் தடவை வடக்குத் தெரு பாக்கி. மூன்றாம் தரம் வியர்த்துவிட்டது.

"ஏலே, இங்கிட்டுத் திரும்பணும்லே!" என்றார் ஒருவர்.

"நீ தள்ளு, நான் வாறேன்" என்றார் இன்னொருவர்.

அரை மணி நேரத்தில் அந்தக் கூட்டம் கூட்டமாக இல்லை. ஊர்ப் பெரியவர்கள் எல்லாம் ஆளுக்கொரு குச்சியோடு தரையில் திரிந்தார்கள். ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். "நீ ஏமாத்துற" என்று ஒரு சண்டை கூட வந்தது. சோலைக்கு அந்த வராந்தாவும் நான்கு நாற்காலியும் கண்ணுக்குள் வந்து நின்றன. வடிவு இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

பொன்னுவேல் மட்டும் சிரிக்கவில்லை. குச்சியைத் தரையில் ஊன்றிக் கொஞ்ச நேரம் கோடுகளையே பார்த்தான்.

"போன தெருவுல ஒரு தரம் திரும்பிப் போகாம முடியாது போல" என்றான் மெதுவாக. "திரும்பியாகணும்னா சந்துலயே திரும்பலாம். வடக்காலயும் சுத்தித் திரும்பலாம், எங்க தெரு வழியாக்கூடத் திரும்பலாம். பெரியப்பா மூணு வருசமும் அவரு வீட்டுத் தெருவுலயே திரும்பியிருக்காரு."

இதை யாரும் அதுவரை யோசித்திருக்கவில்லை. அழகுமலை தலையைக் குனிந்துகொண்டார்.

சோலைக்கு நெஞ்சு நிறைந்தது. நிறைந்த மறு நிமிஷமே, அவள் பயந்தது நடந்தது. பழனிமுத்துக் கவுண்டர், ஊரில் மூத்தவர், கைத்தடியால் தரையைத் தட்டினார்.

"அப்ப மனுசன் மேல தப்பில்ல. சந்து மேலதான் தப்பு. சந்தை அடச்சிருங்க. ரெண்டு தலைப்புலயும் முள்ளு வெட்டிப் போட்டா முடிஞ்சது. அவுக வீட்டுப் பின்பக்கமா நடந்துக்கிரட்டும்."

"அது சரிதேன்" என்று நாலைந்து குரல்.

அத்தையின் கை சோலையின் முழங்கையைப் பிடித்தது. லயத்தில் இருந்தவளுக்கு, பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுப் பழக்கம்.

சோலை அப்பாவைப் பார்த்தாள். அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. கோபம் இல்லை. இதைத்தானே சொன்னேன் என்பது மாதிரி பார்த்தார். மூன்று வருஷம் அவர் தாங்கியதை இவள் ஒரு வாக்கியத்தில் போட்டு உடைத்துவிட்டாள். எம்.எஸ்ஸி. படித்த வாய்.

ஐந்து வழி. ஒன்றை எடுத்தால் நான்கு. அப்பாவுக்கும் அதுதான் தெரியும், இப்போது ஊருக்கும் அதுதான் தெரியும். எடுப்பது ஒன்றுதான் வழியா என்ன?

"இருங்க!" என்றாள். "எடுக்க வேணாம். ஒண்ணச் சேத்தாலும் சரியாப் போகும்!"

சுண்ணாம்புக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு தரைக்குப் போனாள். "ஊத்து முக்குல இப்ப அஞ்சு வழி. மந்தை முக்குல அஞ்சு. இந்த ரெண்டுக்கும் நடுவுல இன்னொரு பாத விட்டா ஆறு ஆறு ஆயிரும். அம்புட்டுத்தான்." நடுத்தெருவுக்கு மேல்பக்கமாக ஒரே ஒரு கோடு இழுத்தாள். "பொன்னுவேலு, இப்ப நட."

பொன்னுவேல் நடந்தான். இந்த முறை யாரும் வழி சொல்லவில்லை. கோயில் தெரு, ஊத்து முக்கு, நடுத்தெரு, மந்தை, சந்து, மறுபடி ஊத்து முக்கு, புதுக்கோடு, மந்தை... மற்றத் தெருக்களையும் சுற்றி, பதினோராவது வழியும் முடிந்தபோது கோயில் முக்கில் நின்றான். ஒரு கோடு பாக்கியில்லை.

பெண்கள் பக்கத்தில் குலவை கிளம்பியது. யாரோ கைதட்டினார்கள். பழனிமுத்துக் கவுண்டரே எழுந்து வந்து தரையைப் பார்த்தார். அழகுமலை கல்லை விட்டு எழுந்து, அந்தப் புதுக்கோட்டின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"வராதுன்னு எனக்குத் தெரிஞ்சது" என்றார் மகளிடம். "வர வைக்கத் தெரியலயே தாயி."

மெட்ராஸில் வாங்கிய பட்டத்தை அன்றைக்குத்தான் கொடுத்தார்கள் என்று சோலைக்குத் தோன்றியது.

அப்புறம்தான் எல்லோரும் அந்தக் கோடு எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தார்கள். பாதிக் கோடு அழகுமலையின் மாட்டுக் கொட்டத்தின் மேல். மீதிப் பாதி, நல்லசாமி போன வருஷம்தான் கல் வைத்துக் கட்டிய பூண்டுக் கொட்டகையின் மேல்.

"என் பாதியக் குடுத்துட்டேன்" என்றார் அழகுமலை உடனே. "இன்னிக்குப் பொழுதுக்குள்ள கொட்டத்தப் பிரிச்சிருவேன்."

எல்லா முகமும் நல்லசாமி பக்கம் திரும்பியது. நல்லசாமி மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். மகன் தரையில் தோற்றதும், அவன் வாயாலேயே அண்ணனை உயர்த்திப் பேசியதும் அவர் முகத்தில் அப்படியே இருந்தன.

"தாரேன்" என்றார். "கல்லுக் கொட்டகை. இருந்தாலும் சாமி காரியம், தாரேன். ஆனா எங்கொட்டகைய இடிச்சு விடுற பாதையில அண்ணன் முன்னால நடக்க, எம் மகன் பின்னால வரணுமா? இன்னிக்கு எதுக்குக் கூடுனோமோ அது நடக்கட்டும். பிரம்பு பொன்னுவேலு கைக்கு வரட்டும். வந்தா, சுவத்துல மொத அடி நான் அடிக்கிறேன்."

"வேணாம் அண்ணே!" அத்தை கூட்டத்துக்குள் வந்துவிட்டாள். நாற்பது வருஷத்தில் அவள் ஒரு கூட்டத்தில் பேசியதில்லை. "சந்த அடச்சிருங்க. நாங்க தட்ட எடுத்துக்கிட்டு நடுத்தெருவுக்கு வந்துக்கிறோம். எங்களுக்குப் பழக்கந்தானே. நீங்க பிரம்பக் குடுக்க வேணாம்!"

சோலைக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. தப்பே செய்யாதவர் என்று ஊர் முழுக்க ஒப்புக்கொண்ட பிறகா? அவளுக்குத் தெரிந்த எந்தத் தேற்றத்திலும் இதற்கு விடை இல்லை.

அழகுமலை எழுந்தார். பிரம்பைத் துண்டால் ஒரு தரம் துடைத்தார். சுண்ணாம்புக் கோடுகளை மிதிக்காமல் ஓரமாக நடந்து பொன்னுவேலின் முன்னால் போய் நின்றார்.

"இந்தாப்பா. ஊத்து முக்கு ஏத்தத்துல மெதுவாப் போ, பல்லக்குத் தூக்குறவங்களுக்கு மூச்சு வாங்கும். சந்துல ரெண்டாவது வாசல்ல கொஞ்ச நேரம் நிக்கணும். மத்ததெல்லாம் ஒனக்கே தெரியும்."

பொன்னுவேல் பிரம்பைப் பார்த்தான். பெரியப்பாவைப் பார்த்தான். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"ஏலே, வாங்குடா!" என்று நல்லசாமி கத்தினார்.

அழகுமலையின் கை நீட்டியபடியே இருந்தது. பொன்னுவேல் வாங்கவில்லை.

(தொடரும்)